காற்றைக் காக்கும் வளையம்

காற்றைக் கையால் பிடித்தவர் எவரும் இலர். ஆயினும் அதனை அடைத்து வைத்து வேலை வாங்க மனிதன் முயலாத காலமும் இல்லை. கொல்லன் தோலைத் தைத்துத் துருத்தி செய்தான். சைக்கிள் கடைக்காரர் ரப்பர்க் குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் அதன்மேல் ஏற்றி அனுப்பினார். நம் சமையலறைகளில் பம்ப் ஸ்டவ், காற்றின் அழுத்தத்தால் மண்ணெண்ணெயை மேலேற்றி நீலச் சுடராக எரித்தது. இவற்றில் எல்லாம் காற்று செய்யும் வேலையைக் கண்டு வியக்கின்றோம். அக்காற்றை வெளியே விடாமல் காத்து நிற்கும் பொருளை நினைப்பதில்லை. அது பெரும்பாலும் ஒரு தோல் துண்டாகவோ, ரப்பர் வளையமாகவோ இருக்கும். அது கெட்டுப்போனால் மட்டுமே அதன் பெயர் நம் வாயில் வரும்.

பம்ப் ஸ்டவ் பழகிய தலைமுறையினர் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். சில நாள்களில் எத்தனை முறை அடித்தாலும் சுடர் எழாது. பம்ப் தண்டு வெறுமனே உள்ளே போய் வரும். அதற்காகப் புது ஸ்டவ் வாங்க எவரும் ஓடியதில்லை. தண்டை உருவி, அதன் முனையில் கிண்ணம் போல் இருக்கும் தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் சற்றே விரித்து, மீண்டும் செருகுவார்கள். உலர்ந்து சுருங்கிய தோல் எண்ணெய் குடித்து விரியும், குழாயின் சுவரைத் தழுவும், சுடர் எழும். அந்த அடுக்களை வைத்தியமே, பின்னாளில் நாம் பேணக் கிடைத்த வேறொரு கருவியை விளங்கிக்கொள்ளத் துணையாயிற்று. அக்கருவி, இலக்கு நோக்கிச் சுடும் போட்டிக்குரிய காற்றுக் கைத்துப்பாக்கி.

துப்பாக்கி என்றவுடன் அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. இதில் வெடிமருந்து இல்லை, புகை இல்லை. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய அரைக் கிராம் எடையும் உள்ள ஓர் ஈயக் குண்டை, நெருக்கப்பட்ட காற்று 10 மீட்டர் தொலைவிலுள்ள அட்டைக்கு அனுப்புகிறது. அவ்வட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தானின் அளவு. ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு சியோல் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் இப்போட்டி ஆடவர்க்கும் மகளிர்க்கும் முதன்முதலாக இடம்பெற்றது. 2024இல் பாரிஸ் நகரில் மனு பாக்கர் இதிலே வெண்கலப் பதக்கம் பெற்றதும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியில் மற்றொரு வெண்கலம் பெற்றதும் நாடறிந்த செய்தி. அதன்பின் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இவ்விளையாட்டில் ஆசை பிறந்தது.

காற்றை நெருக்கினால் அது வில்லைப் போல் எதிர்த்து நிற்கும் என்பதைச் சோதனைகளால் விரித்துரைத்தவர் ராபர்ட் பாயில். 1660இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரிலேயே காற்றின் வில்தன்மை இடம்பெற்றிருக்கிறது. அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் கெரிக், இரு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை எளிதில் பிரியாததை ஊரார்க்குக் காட்டினார். குதிரைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அவ்விரு கோளங்களுக்கும் இடையே மெழுகும் டர்பன்டைனும் ஊட்டிய ஒரு தோல் வளையம் இருந்ததைச் சிலரே குறிப்பிடுகிறார்கள். அவ்வளையம் இல்லையேல் அந்தக் காட்சியே இல்லை.

இன்று தோலின் இடத்தில் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. கடைகளில் ‘ஓ ரிங்’ என்று கேட்டால் தருகிறார்கள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் 1937இல் விண்ணப்பித்து 1939இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பள்ளத்தில் சற்றே நசுங்கி அமர்ந்திருக்கும் அவ்வளையம் செய்யும் வேலை வியப்புக்குரியது. காற்று அதனைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வளையம் தப்பிக்க வழியின்றி இடுக்கில் போய் இறுக அமர்கிறது. அழுத்தம் மிக மிக அடைப்பும் இறுகுகிறது. சிறைப்பட்டவனே தன் சிறையின் கதவைச் சாத்துவது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் இவ்வேற்பாடு ரப்பரின் நெகிழ்ச்சியை நம்பியது. நாள்பட நசுங்கிக் கிடந்த வளையம் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் தட்டையாகிவிடும். குளிரில் அது விறைக்கும். 1986 ஜனவரி 28ஆம் நாள், உறைகுளிர் இரவுக்குப் பின் ஏவப்பட்ட சேலஞ்சர் விண்ணோடம் 73 விநாடிகளில் சிதைந்து எழுவர் மாண்டதை நினைவுகூர்வோர், அதற்குக் காரணம் இத்தகைய வளையம் ஒன்று இடுக்கை அடைக்கத் தவறியதே என்பதையும் அறிவர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் துண்டு ஒன்றைப் பிடிப்பானால் நெரித்துப் பனிநீரில் இட்டு எடுத்து, அது உடனே வடிவம் மீளாததை அனைவர் முன்னும் காட்டினார். சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு குவளையும் சிறிது பனிக்கட்டியும் மட்டுமே.

தில்லியில் வாழும் நமக்குக் குளிரையும் வெப்பத்தையும் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 பாகையைத் தொடும் வெயில், ஜனவரியில் பல் கிட்டும் குளிர், இடையில் ராஜஸ்தானத்திலிருந்து வரும் புழுதி. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் அமைந்த, இன்று டாக்டர் கர்ணி சிங் பெயர் தாங்கிய சுடுகளம் நாட்டின் முதன்மையான களங்களுள் ஒன்று. அங்குச் சென்று பயிலும் வாய்ப்பில்லாத இளைஞர்க்காக நகரில் சிறு சிறு மன்றங்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றில், அலுவலக ஓய்வுக்குப் பின், துப்பாக்கிகளைத் துடைத்துப் பேணும் பணியை நாம் சில ஆண்டுகள் மேற்கொண்டிருந்தோம்.

மன்றத்துக்கு உரியவை பெரும்பாலும் ஒரே அடியில் காற்றேற்றும் வகை. குழலின் கீழே நீண்ட நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைத் திறக்கும்போது உருளைக்குள் வெளிக்காற்று நுழையும். மூடும்போது பிஸ்டன் அக்காற்றைச் சிற்றறைக்குள் நெருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை இவ்வாறு செய்ய வேண்டும். காற்றை மூன்று இடங்களில் ரப்பர் காக்கிறது. பிஸ்டனின் தலையைச் சுற்றி ஒரு வளையம். விசையை இழுக்கும்வரை மூடியிருக்கும் வால்வில் ஒன்று. குண்டு இடும் வாயும் குழலும் பொருந்துமிடத்தில் ஒன்று. முதல் இரண்டும் காத்திருக்கும் நேரம் முழுதும் காற்றைத் தாங்குகின்றன. மூன்றாவது குண்டு புறப்படும் கணத்தில் மட்டும்.

அம்மன்றத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்துப்பாக்கி. ஏழூர்க்கும் பொதுவாக ஓரூரில் அமைந்த கொல்லனின் துருத்தி ஒன்று குறுந்தொகையில் வருவதைப் படித்தோர் அறிவர். ஓய்வின்றி வருந்தும் நெஞ்சுக்கு அது அங்கே உவமை. ஒவ்வொருவர்க்கும் அது தமக்கு வேண்டிய அளவே உழைப்பதாகத் தோன்றும். துருத்தியின் தோலுக்குத்தான் ஏழூரின் பாரமும் தெரியும். எட்டுப் பேர் பயன்படுத்திய அத்துப்பாக்கியின் வளையமும் அவ்வாறே எட்டு மடங்கு தேய்ந்துகொண்டிருந்தது.

அவ்வெண்மருள் நண்பர் ஒருவரின் மகளும் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. அவளுடைய புள்ளிகள் நாளுக்கு நாள் இறங்கின. பயிற்சியாளர், மனம் அலைகிறது, கை தளர்கிறது என்றார். தந்தையோ, பொதுத் தேர்வு நெருங்குவதால் இதனை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். செலவு அவருக்குச் சிறியதன்று. மகள் நாள்தோறும் அழுத முகத்தோடு வீடு திரும்புவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை துப்பாக்கியை நம்மிடம் ஒப்படைக்கும்போது அவள் கேட்டாள்: “மாமா, அவசரமாகச் சுட்டால் பத்து விழுகிறது. நிதானமாகப் பார்த்துச் சுட்டால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்கிவிடுகிறது. இது என்ன நியாயம்?”

அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. இவ்விளையாட்டில் நிதானம் என்பது நேரம். இன்றைய விதிப்படி மின்னணு இலக்குகளில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். கை சற்று அசைந்தால் நல்ல வீரர் சுடுவதில்லை. கையைத் தாழ்த்தி, மூச்சை ஆற்றி, மீண்டும் உயர்த்துவார். அந்த ஒன்றரை நிமிடமும் காற்று உள்ளே காத்திருக்க வேண்டும். அது கசிந்தால் குண்டின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டு தாழும். கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 130 ஆகக் குறைந்தால் 29 மில்லிமீட்டர் தாழும். வேறுபாடு 7 மில்லிமீட்டர். அட்டையில் ஒரு வளையத்தின் அகலம் 8. அப்படியாயின், எவள் மிகுந்த கவனத்தோடு காத்திருந்தாளோ அவளே ஏறத்தாழ ஒரு புள்ளியை இழப்பாள், பொறுமையற்றவன் இழக்கமாட்டான்.

இது ஊகம். ஊகத்தைக் கொண்டு கையையும் குற்றம் சொல்லலாகாது. கருவியையும் குற்றம் சொல்லலாகாது. ஆகவே மறுநாள் சோதனை ஒன்றை அமைத்தோம். துப்பாக்கியை மணற்பைமேல் கிடத்தினோம். விசையை அழுத்தும் பணியை அவளுக்கன்றி வேறொரு மாணவனுக்குத் தந்தோம். இருபது சீட்டுகளை எழுதிக் குலுக்கினோம். பத்தில் 15 விநாடி, பத்தில் 90 விநாடி. காற்றேற்றிய பின் சீட்டில் கண்ட நேரம் கடந்ததும் சுட வேண்டும். இருவகைக்கும் வெவ்வேறு அட்டை. முதலில் பத்தும் பிறகு பத்தும் என்று சுட்டிருந்தால், குழல் சூடேறியது என்றோ சுட்டவன் களைத்தான் என்றோ எவரேனும் சொல்ல இடமுண்டு. குலுக்கிய சீட்டு அவ்வழக்கை அடைத்துவிடும்.

ஏற்றியவுடன் சுடாமல் 15 விநாடி விட்டதற்கும் காரணம் உண்டு. சைக்கிள் பம்பின் அடிப்பாகம் அடிக்க அடிக்கச் சுடுவதை அனைவரும் அறிவோம். நெருக்கப்பட்ட காற்று சூடாகிறது. பின் உலோகத்துக்கு அச்சூட்டைக் கொடுத்துத் தணியும்போது அழுத்தமும் சிறிது தணிகிறது. இது கசிவன்று, இயற்கை. குற்றமற்ற வளையத்தின்மேலும் இத்தணிவைக் கசிவென்று ஏற்றிவிடக் கூடும். அதனால் சூடு தணிய இடம் விட்டே முதல் அளவையும் எடுத்தோம். வேகம் அளக்கும் மின்கருவி இருந்தால் இவ்வளவும் எண்ணாகவே கிடைக்கும். நம்மிடம் அது இல்லை, அட்டையே சாட்சி.

இரண்டு அட்டைகளையும் சன்னலொளியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தோம். ஒன்றில் துளைகள் நடுவட்டத்தைச் சூழ்ந்திருந்தன. மற்றதில் அதே நெருக்கத்துடன், அதே அகலத்துடன், ஏறக்குறைய ஒரு வளையம் கீழே கூட்டமாய் இறங்கியிருந்தன. நடுங்கும் கை நாற்புறமும் சிதறும். இவ்வாறு ஒழுங்காக இறக்காது. அவள் வெகுநேரம் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மாமா, அப்படியானால் என் கை...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அருகில் நின்ற தந்தை அட்டைகளை வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிறுத்துவதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

கசிவு உண்டு என்று அறிந்தால் போதாது. எங்கே என்று அறிய வேண்டும். குண்டு இடாமல் காற்றை மட்டும் ஏற்றி, குழலை இலக்குப் பக்கமே வைத்து, குண்டு இடும் வாயைத் திறந்து, காற்று வெளிவரும் துளையில் ஒரு சொட்டுச் சிலிக்கோன் எண்ணெயை விட்டோம். வால்வு கசிந்தால் அங்கே குமிழி எழும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பதற்கு ஒப்பான சோதனை இது. குமிழி எழவில்லை. அடுத்து, மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் குழல் பொருந்துமிடத்தில் தொங்கவிட்டுச் சுட்டோம், கீற்று அசையவில்லை. ஆக இரு காவலரும் குற்றமற்றவர். எஞ்சியது பிஸ்டன் வளையம். காற்றை வெளியேற்றிவிட்டுப் பிரித்துப் பார்த்தபோது, ஒருபுறம் தட்டையாகி மெருகேறிக் கிடந்தது. பள்ளத்தில் துணியின் நூலிழை ஒன்றும் சிக்கியிருந்தது.

புது வளையம் பொருத்துவது கால் மணி நேர வேலை. ஆயினும் அதற்குரிய ஒழுங்கு உண்டு. பழைய வளையத்தைத் திருப்புளியால் நெம்பி எடுத்தால் பள்ளத்தில் கீறல் விழும். அக்கீறல் வழியே எந்தப் புது வளையமும் கசியும். பல்குத்தும் மரக்குச்சி போதும். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். புது வளையத்தின்மேல் சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். வளையம் பளபளத்தால் போதும், அப்பிக்கொள்ளலாகாது. மிகுந்த கிரீஸ் புழுதியைச் சேர்க்கும். தில்லிப் புழுதியோடு சேர்ந்த கிரீஸ் உப்புத்தாளாகவே மாறிவிடும். வீட்டிலுள்ள மெஷின் எண்ணெயை உயரழுத்தக் காற்று உலவும் இடத்தில் இடவே கூடாது. நெருக்கப்பட்ட காற்றில் அது தீப்பற்றக் கூடும். சிலவகை ரப்பரை ஊதி மென்மையாக்கியும் விடும். தேங்காய் எண்ணெய் தோலுக்கு மருந்து. இந்த வளையத்துக்கு அன்று. பணி முடிந்தபின் காற்றேற்றிய நிலையில் துப்பாக்கியை ஒருநாளும் பெட்டியில் வைக்கலாகாது.

பொருத்திய பின் அதே இருபது சீட்டுகளை மறுபடியும் குலுக்கினோம். பழுது பார்த்தோம் என்பதாலேயே பழுது நீங்கியது என்று கொள்ளுதல் முறையன்று. இம்முறை இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பிடித்தபோது எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல இயலவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்து அட்டைகளைத் தேதியிட்டுக் கோப்பில் வைக்கும் வழக்கம் மன்றத்தில் ஏற்பட்டது. வளையம் திடீரென்று சாவதில்லை. மெல்ல மெல்லத் தளர்கிறது. பழைய அட்டை அருகில் இருந்தால்தான் அத்தளர்ச்சி கண்ணுக்குப் புலப்படும்.

வளையத்தின்மேல் வீண்பழி சுமத்தப்படுவதும் உண்டு. இக்காலப் பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படுபவை பெரும்பாலும் முன்னரே காற்று நிரப்பிய சிலிண்டர் கொண்டவை. 200 பார் அழுத்தம் வரை நிரப்புவது வழக்கம். ஜனவரி மாதத்தில் இளைஞர் ஒருவர் அத்தகைய துப்பாக்கியைக் கொண்டுவந்து, முன்மாலை 200 காட்டிய அளவி விடியலில் 182 காட்டுகிறது, வளையங்கள் அனைத்தையும் மாற்றித் தாருங்கள் என்றார். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 35 பாகையில் 200 காட்டிய காற்று, விடியற்குளிரில் 8 பாகைக்கு இறங்கினால், ஓர் அணுவும் கசியாமலே ஏறத்தாழ 182தான் காட்டும். சிலிண்டரை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அதன்பின் நாள்தோறும் அதே வேளையில் அளவியைக் குறித்துவரச் சொன்னோம். ஒரு வாரம் குறித்தார். எண் அசையவில்லை. வளையங்களை எவரும் தொடவில்லை. அவருக்கு நாம் வற்புறுத்திச் சொன்னது வேறொன்று: சிலிண்டரின் மேல் பொறித்துள்ள தேதியைப் பார், பத்தாண்டு கடந்ததைப் போட்டிக்குக் கொண்டு செல்லாதே, அதன் வால்வை வீட்டில் திறக்கவும் முயலாதே.

நண்பரின் மகள் தேர்வுப் போட்டியில் இடம்பெறவில்லை. மூன்று புள்ளிகளில் பின்தங்கினாள். மூன்று வாரப் பயிற்சியை நாம் யாரும் அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஆயினும் அன்று அவள் பெற்ற புள்ளிகளும் அவளுடையவை. இழந்த புள்ளிகளும் அவளுடையவை. தோற்றதற்கு அவள் அழவில்லை என்று தந்தை சொன்னார். தன் கையை அவள் மீண்டும் நம்பத் தொடங்கியிருந்தாள். பொதுத் தேர்வு முடிந்ததும் மன்றத்துக்குத் திரும்பி வந்தாள். மாதச் சோதனைக்குச் சீட்டு எழுதும் பொறுப்பை அவளே கேட்டுப் பெற்றாள்.

கருவிகளோடு பழகியவர்க்குச் சோதனை என்பது சந்தேகத்தின் மறுபெயராகத் தோன்றுவதில்லை. அது நடுவுநிலைமை. மனிதர் தளரும்போது மனத்தைக் குறைகூறுவது எளிது; பொருளை மாற்று என்று கடைக்கு ஓடுவதும் எளிது. இரண்டுக்கும் இடையில் இருபது சீட்டுகளைக் குலுக்கிக் காத்திருக்கும் பொறுமையே அரிது. வீட்டில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் இறங்கும்போதும், அலுவலகத்தில் நேற்றுவரை நன்றாக உழைத்தவர் இன்று பிந்தும்போதும், அவர் எவ்வளவு நேரம் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறார், எந்த இடத்தில் எது கசிகிறது என்று பார்த்தபின் தீர்ப்புச் சொல்வோமாக. தேய்ந்தது வளையமாயின் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. அதை அறியாமல் ஒரு கையின் நம்பிக்கையை முறித்துவிட்டால் அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.